வயசு என்ன போட்டுக்கலாம்?

உங்கள் குடும்பத்தில் எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் நாலைந்து பேரிடம் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்று வரிசையாக வரும். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் பிள்ளைகள் எல்லாம் கத்திரி வெயிலில்தான் பிறந்தன என்று நினைத்துவிட வேண்டாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அவ்வளவுதான் விஷயம். அப்பா பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார். ஹெட்மாஸ்டர் ஏற இறங்கப் பார்ப்பார். "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்பார். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா.

தொட்டுவிட்ட பையனுக்கு ரிஜிஸ்டரில் எழுத ஒரு தேதி வேண்டுமே. "வயசு என்ன போட்டுக்கலாம்?" என்று கேட்பார். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், 'ஏரி உடைஞ்ச வருஷம், ஆவணி மாசம், எங்க சின்னம்மா கல்யாணத்துக்கு மறுவாரம்' என்ற ரகத் தகவல். கொஞ்சம் விவரமான அப்பாவாக இருந்தால், "ஒரு வயசு குறைச்சே போடுங்க சார், பின்னாடி கவர்மென்ட் வேலைக்கு உதவும்" என்பார். ஹெட்மாஸ்டர் பேனாவை மையில் தொட்டு ஒரு தேதியை எழுதுவார். அன்றிலிருந்து சட்டப்படி அதுதான் பிறப்பு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வேலை, ரிடையர்மென்ட், பென்ஷன் எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கும். (ரொம்பச் சிரிக்காதீர்கள். இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியே தாம் பிறந்தது 1950-ஆ, 1951-ஆ என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்.)

காதைத் தொடச் சொன்ன ஹெட்மாஸ்டர் முட்டாள் இல்லை. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரக் கை நீளும். உடம்புக்குள்ளேயே வயது எழுதியிருக்கிறது, தெரிந்தவன் படித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் அது. நம் ஊரில் மட்டும் உள்ள நம்பிக்கையும் இல்லை. மரத்தில் வளையம், சிப்பியில் கோடு, மீனின் காதுக்குள் கல், மனிதனின் எலும்பு என்று உலகம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. படிப்பதில் தப்பு வந்தால் அந்தத் தப்பு யார் தலையில் விழ வேண்டும்?

முதலில் மரம். அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து மயிலம் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போகும்போது திருவக்கரை என்று ஓர் ஊர். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் உண்டு. ஆனால் கூட்டம் வருவது அங்கே இருக்கும் வக்கிரகாளியம்மனுக்காக. பௌர்ணமி என்றால் பஸ் கொள்ளாது. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பார்க்காமலே திரும்பிவிடும் ஒன்று ஊருக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. தேசியக் கல்மரப் பூங்கா. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பராமரிக்கிறது. 247 ஏக்கர். சுமார் 200 மரங்கள், எல்லாம் கல்லாகப் படுத்துக் கிடக்கின்றன. சின்னது மூன்று மீட்டர், பெரியது பதினைந்து மீட்டர். வயது, சுமார் இரண்டு கோடி வருஷம். 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆர்வலர் பார்த்து எழுதி வைத்தார் என்பார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்து, காளி கதையில் வரும் வக்கராசுரனின் எலும்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அப்படி நினைத்ததில் தப்பே சொல்ல முடியாது. அத்தனை பெரிய தொடை எலும்பு வேறு யாருக்கு இருக்கும்?

கிளை இல்லை, இலை இல்லை, நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லை. அதனால் இவை இங்கே வளர்ந்தவை இல்லை, எங்கோ வளர்ந்து பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டு மணலிலும் சேற்றிலும் புதைந்தவை என்கிறார்கள். புதைந்த மரம் சாதாரணமாக மக்கிப் போகும். மக்குவதற்குக் காற்று வேண்டும். இங்கே காற்றுப் புகாத ஆழத்தில், சிலிக்கா கரைந்த தண்ணீர் மெல்ல மெல்ல மரத்துக்குள் ஊறியது. மரத்தின் ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன அச்சு. அந்த அச்சில் சிலிக்கா படிந்து கெட்டிப்பட்டது. மரத்தின் உடல் போய்விட்டது, அதன் வடிவம் கல்லில் தங்கிவிட்டது. இந்தக் கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தண்ணீர் ஏறிய குழாய்கள்கூடத் தெரிகின்றன. அதை வைத்துத்தான் இது புளியமரத்துக்கு உறவு, இது மருத மரத்துக்கு உறவு, இது ஆமணக்கின் குடும்பம் என்று பிரிக்கிறார்கள்.

சில துண்டுகளின் வெட்டு முகத்தில் வளையம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடனே விரல் வைத்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வளையம் ஒரு வருஷம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே. இருக்கிறது, ஆனால் அது முக்கியமாகக் குளிர் நாட்டு மரத்தைப் பற்றிய பாடம்.

வளையம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். குளிர் நாட்டில் வசந்தம் வந்ததும் மரம் அவசர அவசரமாக வளரும். பெரிய பெரிய செல்கள், மெல்லிய சுவர், வெளுத்த நிறம். கோடை முடிய முடிய வளர்ச்சி தளரும். செல் சிறுக்கும், சுவர் தடிக்கும், நிறம் கறுக்கும். பனிக்காலத்தில் வளர்ச்சி சுத்தமாக நின்றுவிடும். மறு வசந்தத்தில் மறுபடி பெரிய செல். நின்ற இடத்துக்கும் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கும் நடுவே ஒரு கோடு. ஆக, நாம் எண்ணுகிற கோடு மரம் வளர்ந்த இடத்தில் விழுவதில்லை, நின்ற இடத்தில் விழுகிறது. நிற்காமல் வளர்ந்தால் கோடே கிடையாது.

நம் ஊரில் மரத்தை நிறுத்த பனி ஏது? நிறுத்துவது தண்ணீர்ப் பஞ்சம். அது பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. ஒரே வருஷத்தில் தென்மேற்குப் பருவத்தில் நாலு மழை, நடுவில் காய்ச்சல், பிறகு வடகிழக்குப் பருவமழை என்று வந்தால் ஒரே வருஷத்தில் இரண்டு கோடுகூட விழலாம். மழை கடுமையாகப் பொய்த்த வருஷத்தில் கோடு இல்லாமலே போகலாம். தேக்கு ஓரளவு நாணயமான மரம், வருஷத்துக்கு ஒன்று போடும், அதனால் அதை வைத்துப் பழைய மழைக்கணக்கை ஆராய்கிறார்கள். மற்ற பல மரங்களில் வளையம் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். பனைமரத்தை அறுத்தால் வளையம் என்ற பேச்சே இல்லை. நூறு வருஷம் நின்ற பனை ஒரு கணக்கும் காட்டாமல் விழுகிறது. கல்மரத்தில் விரல் வைத்து எண்ணும் பிள்ளை நாற்பது என்றால், அந்த மரம் நாற்பது தடவை நின்று மறுபடி புறப்பட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வயது என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

கடலுக்குப் போனாலும் இதே கதை. அபலோன் என்று ஒரு கடல் நத்தை. ஓடு காது மடல் போல இருக்கும். உள்பக்கம் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கும். சீன விருந்துகளில் யானை விலைக்குப் போகிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதன் சின்ன இனம் ஒன்று உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இதன் ஓட்டின் உச்சியை உப்புக் காகிதத்தில் மெல்லத் தேய்த்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். எண்ணினால் வயது என்று நினைத்தார்கள். சில இடங்களில் ஓரளவு சரியாகவும் வந்தது. வேறு இடங்களில் வரவில்லை. ஓட்டைத் துளைக்கும் புழு வந்தால் நத்தை உள்பக்கம் ஒட்டுப்போடுகிறது, அதுவும் வளையம் மாதிரித் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் ஓர் இனத்தைச் சோதித்தவர்கள், இந்தக் கோடுகளை வைத்து வயது சொல்வது நம்பத் தகுந்ததல்ல என்று 1992-இல் எழுதிவிட்டார்கள்.

ஒழுங்காக வருஷத்துக்கு ஒரு கோடு போடுகிற சிப்பியிலும் எண்ணுகிற ஆள் தவறலாம். 2006-இல் ஐஸ்லாந்துக் கடலில் ஒரு சிப்பியை எடுத்தார்கள். முதலில் எண்ணியபோது சுமார் 400 வருஷம் என்றார்கள். 2013-இல் ஓட்டில் வேறு இடத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு 507 என்றார்கள். கோடுகள் அத்தனை நெருக்கம். நூறு வருஷம் கைநழுவிப் போயிருந்தது. பாவம், சிப்பிக்கு அதனால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. எடுத்த அன்றே அது செத்துப்போயிற்று.

நஷ்டப்பட்டது ஒரு மீன். ஆரஞ்சு ரஃபி என்று பேர். ஆழ்கடலில் இருப்பது. பழைய பேரை மொழிபெயர்த்தால் 'சளித்தலையன்' என்று வரும், அந்தப் பேரில் யார் வாங்குவார்கள் என்று மாற்றிவிட்டார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பக்கம் 1970களின் கடைசியிலிருந்து டன் டன்னாக அள்ளினார்கள். மற்ற மீன் மாதிரி இதுவும் இருபது முப்பது வருஷம் வாழும், சீக்கிரம் குட்டி குளுவானாகப் பெருகிவிடும் என்று ஒரு கணக்கு. மீனின் காதுக்குள் இருக்கும் கல்லில் வளையம் உண்டு. கல்லை மேலாகப் பார்த்தால் கொஞ்சம்தான் தெரியும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் விளிம்பில் காகிதக் கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கியிருந்தது. கல்லில் உள்ள கதிரியக்கத்தை அளந்து சரிபார்த்தபோது, நூறு வயதைத் தாண்டும் மீன் இது என்று தெரிந்தது. முட்டையிடும் பருவம் வரவே கிட்டத்தட்ட முப்பது வருஷம். தெரிந்தபோது பல இடங்களில் கூட்டம் காலியாகியிருந்தது. தட்டில் ஒரு துண்டு வைத்துச் சாப்பிட்டவர்கள், தங்கள் தாத்தாவுக்கு மூத்ததைச் சாப்பிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, எண்ணியவர்கள் தவறினார்கள் என்பது அல்ல. சந்தேகம் இருந்த காலத்தில் அதை யார் பக்கம் சாய்த்தார்கள் என்பதுதான். சந்தேகம் வலைக்காரர் பக்கம் சாய்ந்தது, மீன் போயிற்று. நம் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பதற்கு வேறு மாதிரி ஒரு விதி இருந்தது. சங்குக்கு வயது என்ன என்று யாரும் கேட்கவில்லை. விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பிக் கடலில் போட்டுவிட வேண்டும். அதில் குள்ளமான கிழச் சங்கும் தப்பித்துப் போயிருக்கும். போகட்டுமே. சந்தேகத்தின் லாபம் சங்குக்கு.

இப்போது மனிதனுக்கு வருவோம். நம் உடம்பிலும் கோடு விழும். குழந்தைப் பருவத்தில் கடும் நோயோ பட்டினியோ வந்தால் கை கால் எலும்பின் வளர்ச்சி சில நாள் நின்று, மறுபடி ஆரம்பிக்கும். அந்த இடத்தில் எக்ஸ்-ரேயில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரியும். ஹாரிஸ் கோடு என்று பேர். மரத்துக்கு வறட்சி என்ன செய்கிறதோ அதையே பிள்ளைக்குப் பசி செய்கிறது. நல்ல சோறு கிடைத்துப் பல வருஷம் ஆனால் அந்தக் கோடு அழிந்தும் போகும்.

வயது சொல்ல டாக்டர்கள் பார்ப்பது வேறு இடம். நீள எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கும். வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது. பதின்ம வயது முடிய முடிய அது இறுகி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முழங்கையில் ஒட்டிவிட்டதா, மணிக்கட்டில் ஒட்டிவிட்டதா, இடுப்பெலும்பின் விளிம்பில் ஒட்டிவிட்டதா என்று பார்த்து, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று எழுதுவார்கள். ஒட்டும் வயது ஆளுக்கு ஆள் மாறும். பெண்ணுக்கு முன்னால், பையனுக்குப் பின்னால். தின்று வளர்ந்தவனுக்கு ஒரு மாதிரி, தின்னாமல் வளர்ந்தவனுக்கு ஒரு மாதிரி. உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கையெலும்பு அட்லஸ் ஒன்று உண்டு. அதில் உள்ள படங்கள் 1930களில் அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் நகரத்தில் வசதியான வீட்டுக் குழந்தைகளை எடுத்தவை. செங்கல் சூளையில் வளர்ந்த பையனின் மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்து என்ன படிப்பது?

உச்ச நீதிமன்றம் 1982-இலேயே, ஜம்மு காஷ்மீரிலிருந்து வந்த ஒரு வழக்கில், எக்ஸ்-ரேயை வைத்துச் சொல்லும் வயதில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வருஷம் பிசகலாம் என்று சொல்லிவிட்டது. பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறார் நீதி வாரியம். மேலே என்றால் கிரிமினல் கோர்ட், சில வழக்குகளில் தூக்குக் கயிறு. நடுவில் நாலு வருஷ மூடுபனி. 2007-இல் வந்த விதிகள், துல்லியமாகச் சொல்ல முடியாதபோது ஒரு வருஷம் வரை குறைத்தே எடுத்துக்கொள்ளலாம் என்றன. 2015 சட்டமோ எலும்பைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டது. முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லை என்றால் நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லை என்றால்தான் எலும்பு.

அதாவது மையைத் தொட்டு நம் ஹெட்மாஸ்டர் எழுதிய தேதி ஜெயித்துவிட்டது!

சிரிப்பு வரலாம். ஆனால் இதைக் கேளுங்கள். 1994-இல் புனேயில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொலையானார்கள். கொடூரமான வழக்கு. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்களில் ஒருவன் 28 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தான். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. ராஜஸ்தானில் பிகானீர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ரிஜிஸ்டர்படி, கொலை நடந்த அன்று அவனுக்குப் பன்னிரண்டரை வயது. சிறார் சட்டப்படி அவனுக்கு அதிகபட்சம் கிடைத்திருக்கக்கூடியது மூன்று வருஷம். பன்னிரண்டரை வயதுப் பையன் தூக்குமேடை வரிசையில் நின்று நாற்பது வயது ஆளாக வெளியே வந்தான். செத்துப்போன ஏழு பேரின் குடும்பத்தாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எந்த ரிஜிஸ்டர், எந்த ஹெட்மாஸ்டர் என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தேதியும் யாரோ கண்ணால் மதிப்பிட்டு எழுதியதாக இருந்திருக்கலாமே?

இருந்திருக்கலாம். இங்கேதான் இரண்டு வேலைகளைப் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வயதை அளக்கிறவர் நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒரு வீச்சுதான்: பதினாறிலிருந்து பத்தொன்பதுக்குள் என்று. அதுவரை அறிவியல். சட்டத்துக்கு வீச்சு போதாது, ஓர் எண் வேண்டும். பதினாறா, பத்தொன்பதா? வீச்சிலிருந்து எண்ணுக்கு இறங்குகிற அந்த ஒரு படி இருக்கிறதே, அதற்கு எந்த எக்ஸ்-ரேயும் உதவாது. அது தர்மம் சார்ந்த முடிவு. தப்பான பக்கம் இறங்கினால் யார் அதிகம் நசுங்குவார்கள் என்று கேட்டு எடுக்க வேண்டிய முடிவு. மீனுக்கு அதை யாரும் கேட்கவில்லை. பையனுக்குச் சட்டம் கேட்கிறது, தாமதமாகவாவது.

அப்படியானால் எல்லாருக்கும் வயதைக் குறைத்தே போட்டுவிடலாமா? முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுக்க வரும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். முகமெல்லாம் சுருக்கம். ரேஷன் கார்டில் 57 என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான். 60 ஆனால்தான் பணம். பாட்டிக்குத் தன் வயது தெரியாது. மூத்த மகன் பிறந்தபோது என்ன பஞ்சம் என்று தெரியும். இங்கே சந்தேகத்தை மேல்பக்கமாகச் சாய்க்க வேண்டும். ஆக, குறைப்பதோ கூட்டுவதோ விதி இல்லை, எதிரே நிற்கிற ஆள்தான் விதி. பையனுக்குப் பதினாறு, பாட்டிக்கு அறுபது. ஒரே மனசாட்சி இரண்டு திசையில் கை நீட்டுகிறது. இது ஏமாற்று இல்லையா என்றால், வேலைக்காக ஒரு வயதைக் குறைத்து எழுதச் சொன்ன அப்பா செய்தது ஏமாற்று. அவருக்குத் தெரிந்த உண்மையை மாற்றினார். பாட்டி விஷயத்தில் மாற்றுவதற்கு உண்மையே கையில் இல்லை.

இதுவரை சுலபம். கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் உங்களிடம் நாணயமாக இல்லை. ஒரு சிறுமிக்குக் கொடுமை நடக்கிறது. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே என்றால் குற்றம், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுக்குப் பள்ளிச் சான்று இல்லை, பிறப்புச் சான்று இல்லை. எலும்பைப் பார்த்துப் பதினாறு முதல் பதினெட்டு என்கிறார்கள். எந்த எண்? அவள் குழந்தை, கீழ் எண்ணை எடு என்கிறது மனம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கும் சந்தேகத்தின் பலன் உண்டு என்பது நம் சட்டத்தின் அஸ்திவாரம். 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளில் மேல் எண்ணையே எடுக்க வேண்டும், அதற்கு மேலும் இரண்டு வருஷம் பிசகு சேர்க்க வேண்டும் என்றது. பதினெட்டும் இரண்டும் இருபது. ஒரே எலும்பு. கூண்டில் நிற்கிறவன் எலும்பானால் கீழே படிக்கிறோம், அவனால் பாதிக்கப்பட்டவளின் எலும்பானால் மேலே படிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே தத்துவம்தான், தண்டனையை எதிர்நோக்குகிறவனுக்குச் சந்தேகத்தின் பலன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் போய், "அம்மா, எலும்புக் கணக்கில் உனக்கு இருபது" என்று சொல்கிற வேலையை எனக்குக் கொடுக்காதீர்கள். அதைவிட, அவள் பிறந்தபோதே ஓர் ஆள் போய்ப் பஞ்சாயத்தில் பதிந்திருந்தால் இந்த மூடுபனியே வந்திருக்காது. 1969-லிருந்தே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருக்கிறது. எலும்பைப் படிக்க வேண்டிய நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவதே பெரியவர்களின் சோம்பலால்தான்.

கல்மரத்தை அசுரனின் எலும்பு என்றவர்கள், அந்த அசுரன் கதையையும் விவரமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வக்கராசுரனைத் திருமால் சக்கரத்தால் கொன்றார். அவனுக்குத் துன்முகி என்று ஒரு தங்கை. அவளும் அண்ணனுக்குச் சளைத்தவள் இல்லை. அவளைக் கொல்லப் போனது காளி. போனால், துன்முகி கர்ப்பமாக இருக்கிறாள். காளி நின்றாள். வயிற்றில் இருக்கும் சிசுவைக் கொல்வது தர்மம் இல்லை. அதற்கு எத்தனை மாசம் என்றுகூட யாரும் எண்ணவில்லை. காளி முதலில் சிசுவை வெளியே எடுத்தாள். தன் காதில் குண்டலமாக மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தாயைக் கொன்றாள்.

குழந்தை அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கதையில் சொல்வதில்லை. பிழைத்ததா, வெறும் நகையாகிப் போனதா? திருவக்கரையில் இன்றைக்கும் அம்மன் காதில் அந்தச் சிசுவைக் காட்டுவார்கள். பௌர்ணமியன்று போனால் கூட்டத்தில் காது தெரியாது. வேறு நாளில் போங்கள்.